வழிதான் ஊர்

பங்குனி 2, விழுப்புரம்

"அங்கே இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?" விழுப்புரத்தைப் பற்றியும் திண்டிவனத்தைப் பற்றியும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. திண்டிவனத்தில் திருச்சிச் சாலையும் புதுச்சேரிச் சாலையும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையும் கிளைக்கின்றன. வண்டி மாறவும் டீ குடிக்கவும் இறங்கும் ஊர்கள் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மதுரை என்றால் கோபுரம், தஞ்சை என்றால் பெரிய கோயில் என்பதுபோல ஒரே படத்தில் காட்ட இவற்றிடம் எதுவும் இல்லை. அதனாலேயே கொண்டாடவும் எதுவும் இல்லை என்று முடித்துவிடுகிறோம். பிழை ஊரில் இல்லை, அளக்கிற கோலில் இருக்கிறது. இந்த மண்ணின் பாட்டும் பழமையும் சாப்பாடும் நீர்வெளியும் வழிநெடுகச் சிதறிக் கிடக்கின்றன. வழியையே ஊராக எடுத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும்.

பங்குனி 4, திண்டிவனம்

இப்படிப் பார்க்க நமக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பழம்புலவர். இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கில், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவன்மேல் நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியது சிறுபாணாற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். யாழ் தூக்கியவனுக்குச் சொன்ன வழி என்பதால் அதில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் தேறலும், வேலூரில் புளி சேர்த்த சுடுசோறு, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு, கடைசியில் அரண்மனையில் வீமனின் மடைநூல் பிசகாத விருந்து. எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். புரவலனைப் புகழ வந்த பாட்டு சான்றாகுமா, திணை மரபுக்காக அடுக்கிய சோறுதானே என்று மறுக்கலாம். வஞ்சியும் மதுரையும் உறந்தையும் இவன் கொடைக்கு முன் வறியவை என்பது மிகைதான். ஆனால் கடற்கரையும் காடும் வயலும் அடுத்தடுத்து வருவது மரபு மட்டும் அல்ல, இந்தப் பக்கத்தின் நில அமைப்பும் அதுவே. நம் வாதத்துக்கு வேண்டியது மன்னனின் வள்ளன்மை அல்ல. தலைநகரைப் பாட வந்தவர் வழியில் ஒவ்வொரு ஊராக நின்று நின்று சொன்னாரே, அந்த நிதானம்தான்.

பங்குனி 5, மரக்காணம்

பரிசு பெறும் முன் பாணன் வீட்டில் இருந்த வறுமையையும் அந்தப் பாட்டு சொல்கிறது: குப்பையில் முளைத்த வேளைக்கீரை, அதுவும் உப்பில்லாமல் வெந்தது, அண்டை அயலார் பார்க்காதபடி கதவை அடைத்துத் தின்றது. அந்த உப்பின் அருமை மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தால் விளங்கும். இந்தக் கரையில் இன்றும் உப்பு விளைகிறது. பக்கத்தில் கழுவெளி. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் அந்தப் பெரிய ஏரி எடையந்திட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். "விருதுநகர் பரோட்டா, திண்டுக்கல் பிரியாணி மாதிரி உங்களுக்கென்று ஒரு பலகாரம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. மணிலாக்கொட்டை இந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட 'டி.எம்.வி. 2' என்ற மல்லாட்டை ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கம். ஓட்டல் பலகையில் பெயர் ஏறாத ஊர், பிறர் வீட்டு உப்பிலும் எண்ணெயிலும் இருக்கிறது. சமையலில் அதுவும் ஒரு புகழ்தான்.

பங்குனி 9, செஞ்சி

"செஞ்சியையும் மண்டகப்பட்டையும் காட்டி விழுப்புரத்துக்குப் பெருமை தேடுவது இரவல் நகை" என்பது கடைசி மறுப்பு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் மும்மூர்த்திக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பொறித்த கல்வெட்டு மண்டகப்பட்டில் ஒரு பாறையில் இருக்கிறது. அது எந்த நகரத்துக்குள்ளும் இல்லை, இருக்கவும் முடியாது. அதற்குப் பாறைதான் வேண்டும். செஞ்சிக்கும் மலை வேண்டும். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை, 1698 வரை எட்டாண்டு முகலாயர் முற்றுகையைத் தாங்கியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. 1714-இல் போரில் இறந்த தேசிங்கு ராஜனைக் கோட்டை காப்பாற்றவில்லை, கதைப்பாட்டுக் காப்பாற்றியது. கல்லைவிடப் பாட்டுக்கு ஆயுள் அதிகம் என்பதற்குத் திரௌபதி அம்மன் வழிபாடும் சாட்சி. அதன் பழைய மையமாகச் செஞ்சி வட்டாரத்தையே ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் முகவீணையும் மத்தளமும் சேரக் கட்டை கட்டிய கூத்து நடக்கும், படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் கிடப்பான், அதன்பின் தீமிதி. கிடங்கில் விருந்தில் மடைநூல் ஆசானாக வந்த வீமன் இங்கே தொடையில் அடிக்கிற வீமனாக வருகிறான். இவற்றையெல்லாம் விளம்பரம் செய்தால் கூத்து அரைமணி மேடைக் காட்சியாகச் சுருங்கும், கழுவெளியில் பறவை கலையும் என்ற அச்சம் சரியானதே. அதற்கு மருந்து விளம்பரத்தை விடுவது அல்ல, கால அளவை மாற்றுவது. பறவைக்கு அதன் பருவம், கூத்துக்கு ஒரு முழு இரவு என்று விருந்தாளிதான் இசைந்து போக வேண்டும். அப்படி வருபவருக்குச் சந்திப்பு ஊர் குறையாகத் தெரியாது. கூத்து முடிய விடிந்துவிடும். ஐந்து திசைக்கும் வண்டி பிடிக்க அதுவே நல்ல நேரம்.