நிலைமரத்திலும் பங்கு உண்டு

மயிலாப்பூரின் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு அடுக்ககங்களாக மாறி வருகின்றன. மனையின் பங்கைப் பற்றி வாரிசுகள் நெடுநாள் பேசுகிறார்கள், பத்திரம் எழுதுகிறார்கள். கதவு, நிலை, உத்திரம் ஆகியவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அருகில் இருக்கும் ஆண்மக்கள் எடுத்துக்கொள்வார்கள்; அல்லது இடிப்பவரிடம் விற்று அத்தொகையைச் சில்லறைச் செலவில் சேர்த்துவிடுவார்கள். இவையும் மரணித்தவர் விட்டுச்சென்ற சொத்துத்தான் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

எங்கள் தந்தையாரின் வீடு மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டப்பட்டது. தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக நிறுத்தி அமைக்கும் கூரை அது. நிலைகளும் பர்மா தேக்கு. 1826இல் யாண்டபோ உடன்படிக்கைக்குப் பின் தெனாசரிம் கரை ஆங்கிலேயர் வசமாயிற்று. மௌல்மேனிலிருந்தும் பின்னர் இரங்கூனிலிருந்தும் கப்பலேறிய தேக்கு சென்னை வீடுகளுக்கு வந்தது.

வீட்டை இடிக்கும் முன் நான்கு நிலைகளைக் கழற்றி எடுத்தோம். இப்போது தாயார் சகோதரர்களாகிய எங்கள் இருவரோடு தியாகராய நகரில் இருக்கிறார். அவருடைய அறைக்குச் சுவரடிப் பட்டியும், கதவையும் சன்னலையும் சுற்றி மரவிளிம்பும் அந்த மரத்திலேயே செய்வது என்று எண்ணினோம். ஆனால் அறுப்பதற்கு முன் கணக்கு இருந்தது.

ஒவ்வொரு நிலையிலும் ஏழடிக் கால்கள் இரண்டு, நான்கடித் தலைக்கட்டை ஒன்று. தடிப்பு நான்கு அங்குலத்துக்கு மூன்று. ஆக, நிலைக்கு ஒன்றரைக் கன அடி; மொத்தம் ஆறு. தந்தையாரின் கடனும் மரண சாசனமும் முன்பே நிறைவேறிவிட்டன. தாயாருக்கு எட்டில் ஒன்று, அதாவது முக்கால் கன அடி. மீதியை ஐந்தாக்கி, அடையாறில் வசிக்கும் தங்கைக்கு ஒரு பங்கு, எங்களுக்குத் தலைக்கு இரண்டு. தங்கையின் பங்கு ஒரு கன அடிக்குச் சற்றே அதிகம்.

“இந்தக் கட்டைக்குப் போய் ஃபராயிளா?” என்று உறவினர் ஒருவர் சிரித்தார். சொத்து குறைவாயினும் அதிகமாயினும் பெண்களுக்கும் அதில் விதிக்கப்பட்ட பங்கு உண்டு என்பது சூரத்துந் நிஸாவின் ஏழாம் வசனத்தின் கருத்து. குறைந்ததைக் கணக்கில் கொள்ளாத பழக்கம் நாளடைவில் அதிகமானதையும் விழுங்கிவிடுவதை நம் மஹல்லாக்களில் காணாதவர் யார்? “தங்கச்சி விட்டுக்கொடுத்துவிட்டாள்” என்னும் சொல் பல குடும்பங்களில் எளிதாகப் புழங்குகிறது. சபையில் வைத்துக் கேட்டால் வெட்கத்தால் எந்தப் பெண்ணும் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அதை மனமுவந்த சம்மதம் என்று கொள்ள எங்கள் மனம் ஒப்பவில்லை. ஆகவே தனியே சென்று, கணக்கை எழுதிய தாளைக் கையில் கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டோம். “பணம் வேணாம் அண்ணே, மரமாவே குடுங்க” என்றாள். அவளுக்குரிய கட்டைகள் அறுபடாமலே அடையாறு சென்றன.

அதன் பிறகே ஆசாரி வேலையைத் தொடங்கினார். பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். இயந்திர வாளின் பல்லை அது உடைத்துவிடும். காந்தத்தை நெடுகத் தடவிப் பார்த்து ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கவே அரைநாள் ஆயிற்று. முக்கால் அங்குலப் பலகையாக அறுத்தால் ஒரு காலிலிருந்து நான்கு பட்டிகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தூளாகப் போகும். பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு, கதவின் இடம் நீங்கலாக, நாற்பத்தோரடி வேண்டும். ஏழடிப் பட்டி ஒரு சுவருக்குப் போதாது; இரண்டைச் சேர்க்க வேண்டும். அந்த இணைப்பைச் சாய்வாக வெட்டினால் கண்ணுக்குத் தெரியாது.

மூலைகளில்தான் பொறுமை சோதிக்கப்பட்டது. சுவர்கள் சந்திக்கும் கோணம் தொண்ணூறு பாகையாக இருப்பது அரிது. தொண்ணூற்றிரண்டாக இருந்தால் இரு பட்டிகளையும் நாற்பத்தாறில் வெட்ட வேண்டும். உள்மூலையில் ஆசாரி அதையும் செய்யவில்லை. ஒரு பட்டியைச் சுவர்வரை நேராக ஓட்டி, மற்றதன் முனையை முதற்பட்டியின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து பொருத்தினார். மழைக்காலத்தில் மரம் குறுக்கே விரியும்; நீளவாட்டில் விரிவது மிகச் சொற்பம். குடைந்த மூலை அப்போதும் வாய் பிளக்காது என்றார். தரையோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டதும் அவரே; வீடு துடைக்கும் நீர் ஏறக்கூடாது அல்லவா? தரைத்தளமாயிருந்தால் கரையானுக்கு அஞ்சி இவ்வேலையே வேண்டாம் என்றிருப்பார்.

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பரையும் ஒரு தச்சரே செய்தார். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது; ஒவ்வொரு நாள் கூலியையும் அன்று அஸருக்குள் கொடுத்துவிட்டோம்.

அறையில் பதித்தது முழுவதும் எங்கள் இருவரின் பங்கிலிருந்து வந்த மரம். தாயாரின் முக்கால் கன அடி இன்னும் மாடியில் இருக்கிறது. அதில் மதரஸாப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் வைத்து ஓதும் ரேஹால் செய்யச் சொல்லியிருக்கிறார். பட்டிகளை இரண்டிரண்டாக ஒட்டினால் எட்டு ரேஹால் வரும் என்கிறார் ஆசாரி. இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் அறுக்கிறார்.