கண்மூடி அமராமலும் மனம் இளைப்பாறும்

மன அழுத்தம் என்றவுடன் இக்காலத்தில் எவரும் கூறும் முதல் அறிவுரை, தியானம் செய்யுங்கள் என்பதாகும். அது சிலருக்குப் பயனளிக்கலாம். ஆனால், கண்ணை மூடிய மறுகணமே கவலைகள் அனைத்தும் வரிசையாக வந்து நிற்கும் மனிதர்களும் உண்டு. எங்கள் அம்மா அத்தகையவர்.

பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த அத்தாவை அவர் இரவு பகலாகக் கவனித்து வந்தார். மருந்து, உணவு, உடல் துடைத்தல், புரட்டிப் படுக்க வைத்தல் என ஓயாத பணி. உறக்கம் குறைந்தது, சிறு சொல்லுக்கும் கண் கலங்கினார். அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிக்குமாறு பலரும் கூறினர். "கண்ணை மூடினால் உங்கள் அத்தாவின் மூச்சுதான் காதில் விழுகிறது, என் மூச்சை எங்கே கவனிப்பது?" என்றார் அம்மா.

இரவெல்லாம் வணக்கத்திலும் பகலெல்லாம் நோன்பிலும் தம்மை வருத்திக்கொண்ட அபுத்தர்தா (ரலி) அவர்களை, ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் தடுத்து உறங்கச் செய்த நிகழ்ச்சி புகாரியில் இடம்பெற்றுள்ளது. இறைவனுக்கும் குடும்பத்திற்கும் உரிமைகள் இருப்பதுபோல், நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்ற அவர் கூற்றை நபி (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள். வணக்கத்திற்கே இந்த அளவுகோல் என்றால், பணிவிடைக்கும் அது பொருந்தும் அல்லவா?

தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, தம்பி அத்தாவின் அருகிலிருக்க, அம்மாவை வத்தல்மலைக்கு அழைத்துச் சென்றோம். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மூவாயிரம் அடிக்கு மேல், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகள். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் அவை. ஒரு வீட்டு முற்றத்தில் மூதாட்டி ஒருவர் மிளகைக் காம்பு நீக்கிக் காயவைத்துக் கொண்டிருந்தார். அம்மாவும் அருகில் அமர்ந்து கை கொடுத்தார். இருவரும் பிள்ளைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினர். பின்னர் மர நிழலில் விரிப்பை விரித்து லுஹர் தொழுதோம். பல மாதங்களுக்குப் பின் அம்மாவின் முகம் தெளிந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் வியப்பில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, 1984-இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஜப்பான் அரசின் வனத்துறை 1982 முதல் மக்களை 'வனக் குளியல்' என்னும் காட்டு நடைக்கு ஊக்குவித்து வருகிறது.

மலைக்குச் செல்ல இயலாதவர்களுக்கும் வழிகள் உண்டு. கோபம் வந்தால் நிற்பவர் அமரவும், தணியாவிட்டால் படுக்கவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும், தொழுகையைக் கொண்டு தமக்கு இளைப்பாறுதல் அளிக்குமாறு பிலால் (ரலி) அவர்களிடம் கூறியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. நண்பகலில் சிறு உறக்கம், அஸருக்குப் பின் சிறிது நடை, கீரை ஆய்தல், பூந்தொட்டிக்கு நீர் ஊற்றுதல், உறவினரிடம் மனம் விட்டுப் பேசுதல் ஆகிய யாவும் எளியவையே.

ஆயினும், ஒருநாள் மலைப்பயணம் அடுத்த நாளின் சுமையைக் குறைத்துவிடாது. அம்மாவால் அன்று செல்ல முடிந்தது, தம்பி வீட்டில் இருந்ததால்தான். ஆகவே பிள்ளைகள் நாங்கள் முறை வகுத்துக்கொண்டோம். அஸர் முதல் மஃரிப் வரை அம்மா எந்தப் பணிக்கும் அழைக்கப்படுவதில்லை. வாரத்தில் இரண்டு இரவுகள் அத்தாவின் அருகில் நாங்கள் படுக்கிறோம். சுமப்பவரிடம் ஓய்வெடுக்கச் சொல்வது அறிவுரை. சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதே உதவி.

உறக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியதும் நம் மார்க்கமே. நம் இல்லங்களில் மௌனமாகச் சுமப்பவர்களின் பாரத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. அதைப் பகிரும் மனத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.