ஒரு கடிகாரமும் ஒரு புயலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி, சம்பளத்துல முக்கால்வாசியைக் கொடுத்து ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். கறுப்பா, தடியா, பார்க்க சின்ன டயர் மாதிரி இருக்கும். திசைகாட்டி, உயரமானி, காற்றழுத்தமானி, வெப்பமானி, ஸ்டாப்வாட்ச், அஞ்சு அலாரம், வெயில்லயே சார்ஜ் ஏறுற பேட்டரி, இருநூறு மீட்டர் தண்ணி தாங்கும்னு ஏகப்பட்டது அதுக்குள்ள. கம்பெனி பேர் வேண்டாம், அப்புறம் விளம்பரம்னு சொல்லுவீங்க.

வீட்டுல கிடைச்ச வரவேற்பு இருக்கே! தங்கமணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏங்க, இதுல மணி எங்க தெரியுது?"ன்னு கேட்டாங்க. அப்பா அதுகூடக் கேட்கலை. விலையை மட்டும் கேட்டார். சொன்னேன். எழுந்து உள்ளே போயிட்டார். அவ்வ்வ்வ்...

அப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். (கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.) புதுச்சேரியில ரோடியர் மில்லுன்னு ஊர்க்காரங்க சொல்ற ஏ.எஃப்.டி. மில்லுல வேலை பார்த்தவர். 1898-ல் ஆரம்பிச்ச மில் அது, 2020-ல் மூடியே விட்டாங்க. அவருக்கு நேரம்னா மில் சங்குதான். சங்கு ஊதினா எழுந்திரிக்கிறது, சங்கு ஊதினா சாப்பாடு. கையில எச்.எம்.டி. ஜனதா. பெங்களூர்ல 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட்டுல எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பிச்சாங்க. ஒரு காலத்துல கல்யாண மாப்பிள்ளைக்கு அதுதான் சீர். கடிகாரப் பிரிவை 2016-ல் மூடிட்டாங்க. ஆனா அப்பாவோட ஜனதா ஓடிக்கிட்டே இருந்துச்சு. தினம் காலையில காபிக்கு முன்னாடி சாவி கொடுப்பார். "தினம் கையால சாவி குடுத்தாத்தான் அது நம்ம வாட்ச்சு"ன்னு ஒரு தத்துவம் வேற.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த மாதிரி முரட்டுக் கடிகாரங்களுக்கு வழி போட்டது கேசியோ. அங்க கிகுவோ இபேன்னு ஒரு எஞ்சினியர். அவங்க அப்பா பரிசாக் கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து உடைஞ்சு போச்சு. உடையாத கடிகாரம் செய்யணும்னு கிளம்பினார். பத்து மீட்டர் உயரத்துல இருந்து விழணும், பத்து பார் தண்ணி அழுத்தம் தாங்கணும், பேட்டரி பத்து வருஷம் வரணும். இதுதான் குறி. ரெண்டு வருஷம், சுமார் இருநூறு மாதிரிகள். மாடி ஜன்னல்ல இருந்து தூக்கிப் போட்டுப் போட்டுப் பார்த்தாராம். கடைசியில பூங்காவுல ஒரு சின்னப் பொண்ணு பந்து விளையாடுறதைப் பார்த்தப்பதான் பொறி தட்டியிருக்கு. பந்துக்கு நடுவுல மிதக்குற மாதிரி இயந்திரத்தை வெச்சா அதிர்ச்சி உள்ளே போகாதே! 1983 ஏப்ரல்ல முதல் ஜி-ஷாக் வந்தது. எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு அப்பா கொடுத்த வாட்ச். இதை அப்பாகிட்ட சொன்னப்போ, "அதுக்கு இவ்ளோ காசா?"ன்னார்.

உண்மையைச் சொன்னா, வாங்கின முதல் வருஷம் அவர் பேச்சுதான் ஜெயிச்சுது.

திசைகாட்டியை எடுத்துக்கோங்க. புதுச்சேரியில அது எதுக்கு? பழைய ஊர்த் தெருவெல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி. கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ரேடியோ அலை வாங்கி நேரத்தைத் தானே சரி பண்ணிக்கும்னு அட்டையில பெருசாப் போட்டிருந்தான். அந்த அலை அனுப்புற நிலையங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனியில இருக்கு. இந்தியாவுல ஒண்ணு கூட இல்லை. ராத்திரி ராத்திரி என் வாட்ச் ஜன்னலோரம் படுத்து சிக்னல் தேடித் தேடித் தோத்துப் போகும். பார்க்கவே பாவமா இருக்கும்.

வெப்பமானி என் மணிக்கட்டோட சூட்டையும் சேர்த்துக் காட்டும். கழட்டி அரை மணி நேரம் தனியா வெச்சாத்தான் உண்மை சொல்லும்.

இருநூறு மீட்டர் தண்ணிங்கிறதும் நாம நினைக்கிறது இல்லை. அவ்வளவு ஆழம் போகலாம்னு அர்த்தமில்லை. அசையாத தண்ணியில அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும்கிற சோதனைக் கணக்கு அது. முப்பது மீட்டர்னு போட்ட வாட்சைக் கட்டிக்கிட்டு நீச்சலுக்குப் போயிடாதீங்க, அது கை கழுவுறப்போ தெறிக்கிற தண்ணிக்குத்தான். நீந்தணும்னா குறைஞ்சது நூறு மீட்டராவது போட்டிருக்கணும்.

உயரமானி இன்னும் தமாஷ். நாம இருக்கிறது கடலோரம். அதுக்கு வேலை கொடுக்கணும்னே ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறினேன். எண்ணூறு அடிக்கு வாட்ச் சரியாத்தான் கணக்கு சொல்லுச்சு. எனக்குத்தான் மூச்சு வாங்கிடுச்சு :-)

மிச்சம் காற்றழுத்தமானி. கடல் மட்டத்துல சராசரியா 1013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். (பழைய ஆளுங்க மில்லிபார்னு சொல்றது இதைத்தான். அதே எண்.) ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாட்ச் தானே அளந்து சின்னதா வரைபடம் போடும். அழுத்தம் இறங்கினா மழை, ஏறினா வெயில்னு கையேட்டுல இருந்துச்சு. முதல் வாரமே பயந்துட்டேன். காலையில 1012 இருந்தது சாயங்காலம் 1008. நாலு புள்ளி இறங்கிடுச்சு! மழை கொட்டப் போகுதுன்னு தங்கமணிகிட்ட சொல்லி, மாடியில காய்ஞ்ச வத்தலை எல்லாம் எடுக்க வெச்சேன். ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாளும் அதே கதை. மூணாவது நாள் வத்தல் எடுக்க நான்தான் போகணும்னு சொல்லிட்டாங்க.

அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம மாதிரி வெப்ப மண்டல ஊர்கள்ல காற்றழுத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கும். கடல்ல ஓதம் ஏறி இறங்குற மாதிரி காத்துலயும். சூரியன் மேலே இருக்கிற காத்தைச் சூடாக்குறதால வர்ற அலை அது. காலை பத்து, ராத்திரி பத்து வாக்குல உச்சம். விடியக்காலை நாலு, சாயங்காலம் நாலு வாக்குல பள்ளம். குளிர் நாட்டுல இந்த ஆட்டம் ரொம்பக் கம்மி, அவன் எழுதின கையேட்டுல இதெல்லாம் எப்படி இருக்கும்? அப்போ நம்ம ஊருக்கு விதி ஒண்ணுதான்: இப்போ இருக்கிறதை நேத்து இதே நேரம் இருந்ததோட ஒப்பிடணும்.

அதுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். காலை பத்து, ராத்திரி பத்து. ஞாயிறு மட்டும் நாலு வேளை. நான் ஆபீஸ் போயிடுவேனே, காலைக் கணக்கை யார் எழுதுறது? லீவு நாள்ல நான் எழுதுறதைப் பார்த்துக்கிட்டே இருந்த அப்பா ஒரு நாள், "வாட்சை வெச்சுட்டுப் போடா, நான் எழுதுறேன்"ன்னார். எனக்கு ஆச்சரியம். அதுக்கப்புறம் பல நாள் என் வாட்ச் வீட்டுல, நான் வெறுங்கையோட ஆபீஸ்ல. மில்லு சங்கு நின்னு போனதுல இருந்து பத்து மணிக்கு அவருக்கு ஒரு வேலையும் இல்லாம இருந்துச்சுன்னு எனக்கு அப்பதான் உறைச்சது.

இப்போ புயல்.

2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது ஊர்க்காரங்க யாருக்கும் மறக்காது. அது காத்துப் புயல். மரம், கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ச்சுட்டு சரசரன்னு போயிடுச்சு. புயல் கரையைக் கடந்துடுச்சுன்னா அவ்வளவுதான், இனி மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கணும்னு நம்ம மனசுல பதிஞ்சது அப்பதான்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல். அப்பாவுக்கு முட்டியில ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்கூட ஆகலை. வாக்கர் வெச்சு நாலு அடி நடப்பார். நாங்க இருக்கிறது ரெயின்போ நகர்ல கீழ் வீடு. மாடியில குடியிருக்கிற அக்கா சாயங்காலமே, "அப்பாவை மேல கொண்டு வந்துடு தம்பி"ன்னாங்க. அப்பா கேட்கலை. "தானேவையே பார்த்தவன்டா நான்." படி ஏறினா வலி உயிர் போகும், அதைச் சொல்லாம இதைச் சொன்னார்.

கரண்ட் போயிடுச்சு. மழை நிக்கவே இல்லை. ராத்திரி பத்தரை, பதினொன்றரைக்குள்ள புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. போன்ல செய்தி வந்தப்போ பேட்டரி நாலு சதவீதம். "கடந்துடுச்சுப்பா"ன்னு சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதி. தங்கமணி பாய் விரிச்சாங்க. வாசல்ல தண்ணி ரெண்டாவது படியில நின்னுச்சு. இன்னும் ரெண்டு படி பாக்கி.

பழக்க தோஷத்துல பன்னிரண்டு மணிக்கு வாட்ச் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். 996. பத்து மணிக்கு 997. உயரமானியைத் தட்டினா, நான் தரையில இருந்து நூத்திப் பத்து மீட்டர் சொச்சம் மேலே இருக்கேன்னு சொல்லுது! அது அழுத்தத்தை வெச்சுத்தானே உயரம் கணக்குப் போடும். காத்து லேசாச்சுன்னா மலை ஏறிட்டோம்னு நினைச்சுக்கும். நான் சிரிச்சுக்கிட்டே இதை அப்பாகிட்ட சொன்னேன்.

இருட்டுல இருந்து அப்பா குரல்: "நேத்து பன்னண்டுக்கு எவ்ளோ?"

நோட்டுல பத்து மணிக் கணக்குதான் இருக்கும். வாட்ச் வரைபடத்துல பின்னாடி போய்ப் பார்த்தேன். 1009.

"போயிருந்தா ஏறணும் இல்ல? ஏறலையே. இங்கதான்டா குந்திக்கினு இருக்குது."

ரெண்டு நிமிஷம் யாரும் பேசலை. புயலோட நடுப்பகுதி விலகப் போச்சுன்னா அழுத்தம் மேலே ஏறணும். ஏறவே இல்லை. செய்தி தப்பில்லை, கடந்தது உண்மைதான். ஆனா கடந்தது போனதுன்னு அர்த்தம் இல்லை.

"தூக்குடா என்னை"ன்னார் அப்பா. அவ்வளவு நேரம் நான் கெஞ்சியும் மசியாத மனுஷன்.

பதினாலு படி. நான் பின்னாடி தாங்கிக்க, தங்கமணி வாக்கரோட முன்னாடி, மாடி அக்கா வீட்டுக்காரர் டார்ச் பிடிக்க, ஒவ்வொரு படிக்கும் அப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினார். இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. தண்ணி இல்லாத, வழுக்காத படியிலயே இருபத்தஞ்சு நிமிஷம்.

மூணு மணிக்குத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. விடிஞ்சப்போ அப்பா கட்டில் முழுகியிருந்துச்சு. அந்தப் புயல் பல மணி நேரம் நகராம புதுச்சேரி பக்கத்துலயே நின்னு கொட்டிச்சு. டிசம்பர் 1 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல 45 செ.மீ.க்கும் மேல மழை. ஊருக்குள்ள மீட்புக்கு ராணுவமே வந்துச்சு. வாட்ச்ல அழுத்தம் நிஜமா மேலே ஏற ஆரம்பிச்சதைப் பார்க்க எனக்கு மறுநாள் ஆகிடுச்சு.

வாட்ச் காப்பாத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு மழை எவ்வளவு வரும்னு தெரியாது, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது. 996ங்கிற எண்ணை மட்டும் வெச்சு அந்த ராத்திரி ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஒண்ணுமே நடக்காத நூத்துக்கணக்கான நாள்ல, ஒரு வேலையும் இல்லாத ஒரு மனுஷன் உட்கார்ந்து 1011, 1012, 1010ன்னு எழுதினதாலதான் அவருக்கு அது உறைச்சது. அதே வாட்ச் கையில கட்டியிருந்த எனக்கு உறைக்கலையே!

நம்ம ஊருக்கு இதைவிடப் பெரிய கருவியெல்லாம் தூக்கிக்கிட்டு ஒருத்தர் வந்தார். லெ ஜாந்தீல்னு பிரெஞ்சு வானியல் ஆள். சூரியனை வெள்ளி கடக்கிறதைப் பார்க்க 1761-ல் வந்தப்போ ஊர் ஆங்கிலேயர் கையில. இறங்க முடியாம கப்பல்லயே இருந்தார். கப்பல் ஆட்டத்துல சரியா அளக்க முடியலை. அடுத்த தடவைக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்து, 1769 ஜூன்ல புதுச்சேரியில எல்லாம் தயாரா வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா, அந்தக் காலையில பார்த்து மேகம் மூடிக்கிச்சு. அப்புறம் பளிச்சுன்னு வெயில். கருவி எவ்வளவு ஒஸ்தியா இருந்தாலும் இந்த ஊர் வானம் அதுக்குத் தோணினதைத்தான் செய்யும். பேர் மட்டும் அன்னைக்கு மேகம், இன்னைக்கு ஃபெஞ்சல்.

தண்ணி வடிஞ்சு வீட்டைக் கழுவினப்போ பீரோ அடித்தட்டுல அப்பாவோட ஜனதா கிடைச்சது. சேறு. அவசரத்துல அவர் அதை எடுத்துக்கலை, எனக்கும் தோணலை. என் கையில இருந்த தடியனுக்கு ஒண்ணும் ஆகலை. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நேரு வீதி பக்கத்துல ஒரு பழைய வாட்ச் ரிப்பேர்காரர் மூணு வாரம் வெச்சிருந்து ஓட வெச்சுக் கொடுத்தார். டயல்ல நாலு மணி பக்கம் ஒரு பழுப்புக் கறை மட்டும் போகலை. கறையை எடுக்க டயலை மாத்தலாம்னார். அப்பா வேண்டாம்னுட்டார்.

நாற்பது பக்க நோட்டும் ஊறிப் போச்சு. புதுசு ஒண்ணு வாங்கினேன், இந்தத் தடவை இருநூறு பக்கம்.

இப்பவும் காலையில ஜனதாவுக்குச் சாவி கொடுத்துட்டு, அதுல பத்து மணி பார்த்து, என் வாட்சைக் கேட்டு வாங்கி அழுத்தம் எழுதுறார். மணி பார்க்க இன்னும் என் வாட்சை நம்புறதில்லை :-)

இன்னைக்கு 1012.

பி.கு.: நீங்களும் இந்த மாதிரி வாட்ச் வெச்சிருந்தா, காற்றழுத்தம் பக்கத்தை ஒரு மாசம் எழுதிப் பாருங்க. போரடிக்கும். எழுதுங்க.