எஹலியகொடையில் ஒரு விம்பிள்டன் கணக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதியில், அவிசாவளையைக் கடந்தபின் நாம் அடைவது எஹலியகொட. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். வயல்களினிடையே மாணிக்கக் குழிகள். விடியுமுன் பால் வெட்டப் புறப்படும் தொழிலாளரின் வாழ்வு இங்கே வானத்தைப் பார்த்தே நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை பொழியும் ஜூன், ஜூலை மாதங்களில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய பேரும் விழாது.

அதே நாட்களில்தான் இலண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடைபெறுகிறது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நம் தமிழர் இராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதிவரை முன்னேறிய களம் அது. 'புக்கி' எனப்படும் பந்தயக் கடைகளில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குப் பணம் கட்டுவது இலங்கையிற் பழைய வழக்கம். இன்றோ, கைத்தொலைபேசி வழியே டென்னிஸ் பந்தயமும் லயத்து வாசலுக்கே வந்துவிடக் கூடும்.

மாணவர்களே, கணக்கைப் பாருங்கள். சமபலமுள்ள இருவர் ஆடுகின்றனர். 100 ரூபா கட்டி வென்றால் 190 ரூபா கிடைக்கும் என்பது நிபந்தனை. பக்கத்துக்கு ஒருவர் கட்டினால் சேர்வது 200; கொடுப்பது 190. யார் வென்றாலும் 10 ரூபா கடைக்காரருக்கே. 2001இல் தரவரிசையில் 125ஆம் இடத்திலிருந்த கோரான் இவானிசெவிச் வாகை சூடியதைச் சொல்லி ஆசை காட்டுவோர் உண்டு. அத்தகைய அதிசயம் அரிது என்பதாலன்றோ அது கதையாயிற்று!

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதை ஈட்ட எத்தனை மரங்களைச் சுற்றி வரவேண்டும் என்பதை எஹலியகொட மலைச்சரிவில் நாம் நேரிற் கண்டோம். ஆட்டத்தைக் கண்டு மகிழ்வோம். கூலியைப் பேர் விழாத நாளின் அடுப்புக்கு விட்டு வைப்போம்.