அத்தாவின் புல்லட்டும் மருமகனின் அவசரமும்

இராசிபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையருகே ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஜவ்வரிசி வணிகம் செய்துவந்த என் அத்தா 1978-இல் வாங்கியது. மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழும் பயிற்றுவித்தே தலை நரைத்துவிட்ட எனக்கு எஞ்சினைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். ஒரு தகுதி உண்டு. அந்த எஞ்சினை ஒருமுறை நானே பாழாக்கியிருக்கிறேன்.

இப்போது அவ்வண்டி என் தங்கை மகனின் கையில். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையொன்றில் வேலை. தினமும் அதில்தான் போய் வருகிறான். மாதம் ஒருமுறை தாயைப் பின்னால் அமர்த்திச் சேலம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். சென்ற கோடையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு காகிதப் பொட்டலத்தை என்முன் பிரித்தான். எண்ணெய் பூசிய இரண்டு கேம்கள்.

"மாமா, இப்ப இதை மாட்டிடறேன். அடுத்த மாசம் கம்ப்ரஷன் கூடின பிஸ்டன். அப்புறம் பாருங்க வண்டியை!"

கேம் என்பது புதுமையான பொருளன்று. ஆமித் நகரில் ஆர்த்துகீ மன்னரின் அவையிலிருந்த அல்-ஜஸரீ, 1206-இல் முடித்த தம் பொறிநூலில் ஒரு படகை வரைந்து காட்டுகிறார். சுழலும் அச்சில் முளைகள் பதித்திருக்கும். அவை நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகள் மேளம் கொட்டும். முளை நிற்குமிடம் மாறினால் கொட்டும் நேரமும் மாறும். புல்லட்டின் வலப்பக்க மூடிக்குள் நடப்பதும் அதுவே. உட்புகு வால்வுக்கு ஒரு கேம், வெளியேற்று வால்வுக்கு ஒரு கேம். அவை புஷ் ராடுகளை உயர்த்த, வால்வுகள் திறந்து மூடுகின்றன.

அமுக்க விகிதம், மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்பது, வேறொரு கணக்கு. பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள முழு இடத்தை, அது உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது. திருவொற்றியூரில் உருவான அந்தப் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு அது வெறும் 5.5. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90, கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர், ஆற்றல் 18 குதிரைத்திறன். தரம் குறைந்த பெட்ரோலையும் முனகாமல் குடிக்கும் வயிறு அது.

அந்த 5.5 எனக்கு இளமையில் அவமானமாகப் பட்டது. 1996-இல், ஆசிரியப் பணியேற்ற புதிதில், அத்தா வண்டியைக் கொடுத்ததும் ஒரு பட்டறையில் 8.5 வரும் பிஸ்டனைப் போட்டுக்கொண்டேன். கேமைத் தொடவில்லை. பத்து நாள் பறந்தேன். பதினோராம் நாள், மே மாத உச்சி வெயிலில், நண்பரொருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்கச் சோம்பி மூன்றாவதிலேயே இழுத்தேன். எஞ்சினுக்குள் கூழாங்கல் குலுங்குவது போன்ற ஓசை கேட்டது. அதுதான் நாக்கிங்: கலவை தீப்பொறி வழி சீராக எரியாமல், எரியாது மிஞ்சியிருந்த பகுதி சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தல். நானோ அதை வேகத்தின் முழக்கமென்று மகிழ்ந்தேன்! பாதி மலையில் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்தது. அன்று பங்கில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன், காற்றோ அனல், இரும்பு சிலிண்டர் சூட்டை விடாது. இத்தனைக்கும் நடுவே நான் 8.5 கேட்டிருந்தேன்.

மலையிறங்கிய லாரி ஒன்றில் வண்டி வீடு வந்தது. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. அரபு அகராதியான அல்-முன்ஜித் வாங்க நான் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துவரச் சொன்னார். அது புதிய பிஸ்டனுக்குப் போயிற்று. விகிதம் மீண்டும் 5.5 ஆயிற்று.

மருமகன் செய்யவிருந்தது என் பிழைக்கு நேர்எதிரான பிழை. திண்ணையிலேயே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

உட்புகு வால்வு பிஸ்டன் அடியைத் தொட்டவுடன் மூடுவதில்லை. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரே மூடும். அதுவரை அமுக்கம் இல்லை. அடிமுனை தாண்டி கிராங்க் 60 பாகை திரும்பியதும் மூடுகிறது என்று கொள்வோம். அதற்குள் பிஸ்டன் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் ஏறிவிடும். மெதுவான ஓட்டத்தில் அந்த அளவுக் கலவை வந்த வழியே திரும்பிவிடுகிறது. எனவே 5.5 என்பது மெய்யாக 4.6 தான். அவன் வாங்கிய பந்தயக் கேம் 75 பாகையில் மூடுவது. பிஸ்டன் 28 மில்லிமீட்டர் ஏறியிருக்கும்; ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீண். விகிதம் 4.1 ஆகிவிடும். பந்தயக் கேம் போட்ட வண்டி, தாயை ஏற்றிக்கொண்டு சேலத்து நெரிசலில் முக்கி நிற்கும்!

"அப்ப பிஸ்டனையும் சேர்த்தே போட்டுட்டா?" என்றான். கெட்டிக்காரன். கணக்கிட்டோம்: 8.5 பிஸ்டனும் அந்தக் கேமும் சேர்ந்தால் 6.2. நான் 1996-இல் ஓட்டியது 7.0. எண் மட்டும் பார்த்தால் தாங்கும். ஆயினும் திரும்பிப்போன கலவை திரும்பிப்போனதே. உயர்ந்த சுழற்சியில் உள்ளே பாயும் காற்றின் வேகமே அந்த இழப்பை ஈடுகட்டும். பந்தயத் தடத்தில் அது சரி. நாமக்கல் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டி அந்தச் சுழற்சியை எட்டுவது எப்போது? எட்டினாலும், கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள பழைய மிதவைப் புஷ் எத்தனை நாள் பொறுக்கும்?

"2021-இல் வந்த கிளாசிக்குக்கு 9.5 மாமா!" என்று கடைசி அம்பை விட்டான். உண்மைதான். அதற்குத் தலைமேல் கேம், எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு மூளை. நம்முடையதற்கு ஒரு கார்புரேட்டரும் அத்தாவின் துஆவும் என்றேன். சிரித்துவிட்டான்.

முடிவில், சாலையைப் பார்த்து முதலில் கேமையும், அதற்கேற்பப் பிஸ்டனையும் தேர்ந்தோம். பழைய கேமே இருக்கட்டும்; விகிதம் 7; மெய்யாக 5.8 வரும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் நாக்கிங்கை அடக்க உதவும். ஆனால் கலவையை மெலியச் செய்யும், பழைய ரப்பரையும் அரிக்கும். ஆகவே கார்புரேட்டரின் மெயின் ஜெட் ஒரு படி பெரிதாக்கப்பட்டது, பெட்ரோல் குழாய்கள் மாற்றப்பட்டன, தீப்பொறி நேரம் சற்றே பின்தள்ளப்பட்டது.

பணி முடிந்ததும் ஏற்காட்டுக்கு நானே பின்னால் அமர்ந்து போனேன். என் பழைய வளைவு வந்ததும் கியரைக் குறைக்கச் சொல்லி அவன் தோளைத் தட்டினேன். அதற்குள் அவன் குறைத்திருந்தான். கூழாங்கல் ஓசை இல்லை.

அந்தப் பந்தயக் கேம்களை விற்க அவனுக்கு மனமில்லை. பொட்டலமாகவே என் அலமாரியில், மூன்றாண்டு கழித்து நான் வாங்கிய அல்-முன்ஜிதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.