ஜன்னல் கம்பியும் மூன்று புள்ளிகளும்

வாஷியின் அடுக்ககம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்க் கணக்கர் ஒருவர், வலக்கண்ணில் விழுந்த தூசியைக் கசக்கியவாறே இடக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளில் இரண்டு நடுவே வளைந்திருந்தன. கிரில் போட்டவனைக் கடிந்துகொண்டார். “கம்பி நேராத்தாங்க இருக்கு” என்றார் மனைவி.

வளைந்திருந்தது விழித்திரையின் மையம். முதுமையில் மாக்குலாவின் அடியில் புதிய நுண்குழாய்கள் முளைத்து நீர் கசியும்போது ஒளியுணர் செல்கள் இடம்பெயர்கின்றன. மூளையோ அவற்றின் பழைய முகவரியையே நம்புவதால் நேர்கோடு நெளிகிறது. இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கசிவைக் கண்ணுக்குள் போடும் ஊசியால் அடக்கலாம். இறந்த செல்களை மீட்க இயலாது.

இதனைக் கண்டறிய 1940களில் சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் பரப்பிய கட்டத்தாள் இன்றும் வழக்கில் உள்ளது. 10 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கட்டங்கள், ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாகை. மலிவானது, எளியது, ஆனால் அளப்பதில்லை. ‘நெளிகிறதா?’ என்பதற்கு நோயாளி சொல்லும் ‘கொஞ்சம்’ என்பதை எந்த எண்ணாக எழுதுவது?

சுமார் 7 செ.மீ. அகலக் கைப்பேசித் திரையில் அத்தாள் முழுதாக அடங்காது. எனவே சில செயலிகள் மூன்று புள்ளிகளைக் காட்டி, நடுப்புள்ளியை மற்ற இரண்டின் நேர்க்கோட்டுக்கு நகர்த்தச் சொல்கின்றன. எஞ்சும் பிழையே அளவு. நலமான கண் 10 விகலை விலகலையும் உணரவல்லது, 30 செ.மீ.யில் திரையின் ஒரு பிக்சலே சுமார் 40 விகலை. கண்ணைவிடக் கருவி முரடானது! நோய் உண்டாக்கும் விலகல் அதனினும் பெரிதாக இருப்பதால்தான் இம்முறை பயன்படுகிறது.

கணக்கரின் எண்கள் முதலில் தாறுமாறாக ஏறியிறங்கின. கைப்பேசியை ஒருநாள் மடியிலும் மறுநாள் மூக்கருகிலும் வைத்துச் சோதித்திருந்தார். தொலைவு இருமடங்கானால் கோணம் பாதியாகும். ஆய்வுக்கூடத்தில் தாடைத்தாங்கி செய்யும் வேலையை வீட்டில் யார் செய்வது? மனைவி தையல் டேப்பை எடுத்து, நெற்றிக்கும் திரைக்கும் இடையே 30 செ.மீ. பிடித்தார். எண்கள் அடங்கின.

சில மாதங்களுக்குப் பின் மூன்று நாள்கள் தொடர்ந்து பிழை கூடியது. தூக்கமில்லை என்றார் அவர். மனைவி டேப்பை மடித்து வைத்துவிட்டு மருத்துவமனைக்குத் தொலைபேசினார். ஓ.சி.டி. படத்தில் புதிதாய் நீர். அவ்வாரமே ஊசி போடப்பட்டது.

இப்போதும் மாலைதோறும் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு அமர்கிறார். செயலி முடிந்ததும் ஜன்னல் கம்பிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார்.