ரெண்டு விரக்கடை

2011 ஜனவரி 28. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத ஏற்பாடு செய்யும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகள் ஓடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன நாள். 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். சாயம் ஏறாத துணியில் எதைச் செக் பண்ணுவது? பாதி வாரம் வீட்டில்தான் இருந்தார்.

நான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பைப்பிங் வேலையில் இருந்தேன். ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புத்தண்ணீரை இவாபரேட்டருக்குக் கொண்டுபோகும் எஸ்.எஸ். லைன். வெட்டி, ஒட்டி, ஃபிளாஞ்ச் வைத்த ஸ்பூல்களாக ஷாப்பிலிருந்து கொண்டுவருவதா, சைட்டிலேயே அளந்து அளந்து ஒட்டுவதா? முடிவை என்னிடம் விட்டார்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லை, ஷாப்தான். அங்கே பைப் ரோலர்மேல் உருளும், வெல்டர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். சைட்டில் பைப் நிற்கும், அவர்தான் சுற்றவேண்டும், சில ஜாயின்டுக்கு மல்லாந்து படுத்து. அதைவிடக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் நம்மூருக்குள் வரும் காற்று, டார்ச் ஆர்கானையும் அடித்துப்போகும், பைப்புக்குள் நிரப்பியதையும் விரட்டிவிடும். ஆர்கான் நிற்காவிட்டால் எஸ்.எஸ். ஜாயின்டின் உட்புறம் கருகின சர்க்கரை மாதிரிப் பொரிந்துவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பு. உப்புத்தண்ணீர் முதலில் வாய்வைப்பது அந்தப் பொரிசலில்தான்.

"ஏனுங் தம்பி, கடைசி ஸ்பூல்ல ஒரு நூறு மில்லி கூட உட்ருங்க. சைட்ல அளந்து வெட்டிக்கலாம். டிராயிங்ல இருக்கற எடத்துல பம்ப் உக்காராதுங்" என்றார் வெல்டர் அண்ணன். நான் விடவில்லை. ஒரு ஜாயின்ட் மிச்சம், ஒரு நாள் மிச்சம். அம்மா சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்றும் ஓரத்தில் ஒரு கணக்கு.

ஸ்பூலைத் தூக்கி வைத்தோம். பம்ப் பீடம் 40 மில்லி தள்ளி இருந்தது. சிவில்காரர்கள் என்னைப்போல் டிராயிங்கை வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"செயின் பிளாக் போட்டு இழுத்து போல்ட்டை ஏத்திடலாமாண்ணா?"

"இழுத்தா வருமுங். பம்ப் ஓடறப்ப அது எடத்துக்கே திரும்பப் பாக்கும். அன்னைக்கு ஒழுகற தண்ணி எங்கீங் போகும்?"

அவருக்கு ஊர் ஒரத்துப்பாளையம் பக்கம். பாசனத்துக்கென்று கட்டின அணை, சாயத்தண்ணீரைத் தேக்கிவைத்த ஊர். தென்னை வைத்திருந்த குடும்பம். அவர் வெல்டிங் கற்றுக்கொண்டதே அதற்கப்புறம்தான்.

ஸ்பூலை அறுத்து ஒரு துண்டு சேர்த்தோம். மிச்சம் பிடித்த ஒரு ஜாயின்டுக்குப் பதில் இரண்டு. பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி, நூல் கட்டி, பைப்புக்குள் இரண்டு பக்கமும் அடைத்து ஆர்கானை நிறுத்தினார். காற்றுக்கு மறைப்பாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு சாயந்திரம்வரை நின்றேன். முடிந்ததும் நூலை இழுத்துத் துணியை எடுத்துவிட்டு, ஃபிளாஞ்ச் வழியாக டார்ச்லைட் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே கருப்பில்லை.